கம்ப்ரசர் தைத்த சாப்பாட்டுப் பை

1

இந்தக் கதை எனக்கு வெங்காய வாசனையாக வந்து சேர்ந்தது. உள்ளொளி, அனுபவச் சாரம் என்றெல்லாம் சொல்லி உங்களை ஏமாற்ற விருப்பமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டுக் கதவிடுக்கு வழியாக வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. ஒரு குடும்பத்துக்கான வெங்காயம் அல்ல, ஒரு கல்யாணத்துக்கான வெங்காயம். நாலு பேர் இருக்கிற வீட்டில் கல்யாண வெங்காயம் எதற்கு? இப்படிக் கேட்காமல் தன் வேலையைப் பார்க்கிறவர்கள் நல்லவர்கள். நல்லவர்கள் கதை எழுதுவதில்லை.

ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, சர்க்கரை கேட்கும் சாக்கில் போய்க் கதவைத் தட்டினேன். (என் வீட்டில் சர்க்கரை நிறையவே இருந்தது. இந்த மாதிரித் தகவல்களை இனி அடைப்புக்குள் போடுகிறேன். அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.)

2

உள்ளே கண்டதை எழுத மூன்று முறை தொடங்கினேன்.

‘பனி படர்ந்த அந்தக் காலையில் அவள்—’ பனி ஃப்ரீசருக்குள் மட்டும்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.

‘தாய்மை என்பது ஒரு—’ ஒரு என்ன என்று தெரியவில்லை. எனக்கு முன்னால் எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் அவர்கள் வாக்கியத்தை முடித்துவிட்டார்கள்.

‘மேஜை மேல் திறந்த டப்பாக்கள், வாய் பிளந்த குஞ்சுகளைப் போல—’ இது பிரமாதம் என்று எனக்கே தோன்றியதால் அடித்துவிட்டேன்.

ஆகவே சும்மா சொல்கிறேன். மேஜை முழுக்க டப்பாக்கள். எதிர்வீட்டுக்காரி தலையில் துணியைக் கட்டிக்கொண்டு உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெரியவள் வெந்த பட்டாணியை அள்ளிப் போட்டாள். ஒன்றாம் வகுப்புச் சின்னவன் மூடிகளின் மேல் தன் முழு எடையையும் வைத்து அழுத்தி மூடினான். மூடிய டப்பாக்களைப் புருஷன்காரன் கைக்குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கி, பின்பக்கம் வைத்திருந்த பெரிய ஃப்ரீசருக்குக் கொண்டுபோனான்.

ஒரு வாரத்து மதியச் சாப்பாடு, ஒரே மூச்சில். எல்லாவற்றையும் முன்கூட்டியே சோதித்துப் பார்த்திருந்தாள். அவித்த முட்டை உறைந்தால் ரப்பர் பந்து. வெள்ளரிக்காய் உறைந்தால் பிழிந்த துணி. மாக்கரோனியை முக்கால் வேக்காட்டில் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் உருகும்போது கூழாகிவிடும். நான் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே நின்றேன். சர்க்கரை வேண்டுமா என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை.

3

எதற்கு இந்தப் பாடு? அவள் பஸ் ஓட்டுகிறவள். இத்தனை நாளும் அவளுக்குச் சாயங்கால வண்டி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவள் வீட்டில் இல்லை. அவள் வீடு திரும்பும்போது பிள்ளைகள் விழித்திருக்கவில்லை. சின்னவனுக்கு முதல் பல் விழுந்ததையே நான்தான் அவளிடம் சொன்னேன். (சொல்லியிருக்க வேண்டாம். அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு தெரிந்தது.)

நடையாய் நடந்து கேட்டு, இப்போதுதான் காலை வண்டி கிடைத்திருக்கிறது. விடியும் முன் போய் மத்தியானமே வந்துவிடலாம். சாயங்காலம் பிள்ளைகளோடு இருக்கலாம். ஒரே சங்கடம், காலையில் டப்பா கட்டிக் கொடுக்க ஆள் இல்லை. புருஷன் குளிர்சாதனப் பெட்டி மெக்கானிக். குறட்டைச் சத்தத்தை வைத்து அவனுக்குக் கட்டடமே கம்ப்ரசர் என்று பெயர் வைத்திருக்கிறது. தொழிலில் கெட்டிக்காரன். அடுப்படியில், அவன் வெந்நீர் வைத்தால் அதுகூட அடிப்பிடிக்கும். அதனால்தான் இந்த ஏற்பாடு. ஃப்ரீசரிலிருந்து எடுத்துப் பையில் வைப்பது மட்டும் கம்ப்ரசரின் வேலை. மதிய மணி அடிப்பதற்குள் சாப்பாடு தானாக உருகிவிடும்.

இதற்குக் குறுக்கே வந்தவர் நாத்தனார். கம்ப்ரசரின் அக்கா. அடுத்த தெருவில் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூட ஆபீசில்தான் வேலை. இத்தனை நாளும் சாயங்காலங்களில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ராத்திரிச் சாப்பாடு போட்டுத் தூங்கவைத்தவர் அவர்தான். “பெத்த பிள்ளைங்களுக்கு ஐஸ்கட்டியா கட்டிக் குடுக்கப் போற? விடு, மதியத்துக்கும் நானே சுடச்சுட செஞ்சு எடுத்துட்டுப் போறேன்” என்றார்.

நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் எதிர்வீட்டுக்காரிக்கு எங்கோ சுருக்கென்று தைத்துவிட்டது.

“இத்தனை நாள் ராத்திரி உங்க கையால, இனி மதியமும் உங்க கையாலன்னா, நான் எதுக்குக்கா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் பிள்ளைங்க பசியோட வீட்டுக்கு வரட்டும். அன்னிக்கே போய் சாயங்கால வண்டிய திருப்பி வாங்கிக்கறேன்.”*

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். அவள் சொன்ன சொல்லை மாற்றுகிறவள் அல்ல. என்றைக்கோ ஒரு கோபத்தில் இனி டீ குடிக்க மாட்டேன் என்றவள் இன்றுவரை குடிக்கவில்லை. எதற்காக வந்த கோபம் என்பது அவளுக்கே மறந்துவிட்டது.

* இதை நான் ஒட்டுக் கேட்கவில்லை. கதவு திறந்திருந்தது. என் கதவைச் சொல்கிறேன்.

4

நாத்தனார் விஷயத்தில் எனக்கு ஒரு குழப்பம். முதல் பிரதியில் அவரை வில்லியாகத்தான் எழுதினேன். இடுப்பில் சாவிக்கொத்து, கூரான மூக்கு, வருவதற்கு முன்பே கேட்கிற செருப்புச் சத்தம். கதைக்கு வசதியாக இருந்தது. கதையில் ஒரு நாத்தனார் வந்தால் வாசகர்கள் பாதி வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அப்புறம் காய்கறிக் கடையில் அவரைப் பார்த்தேன். பழக்க தோஷத்தில் மூன்று பேருக்கான உருளைக்கிழங்கைத் தட்டில் அள்ளிவிட்டார். கொஞ்சநேரம் தட்டையே பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிக் கூடையில் போட்டார். கடைக்காரர் அவசரப்படுத்தியும் அள்ளிக் கொட்டவில்லை.

வில்லி இப்படிச் செய்ய மாட்டாள். வீட்டுக்கு வந்து மூக்கைச் சரிசெய்தேன். சாவிக்கொத்தை எடுத்துவிட்டேன். செருப்புச் சத்தம் மட்டும் இருக்கிறது, அது நிஜம்.

5

(இந்தப் பகுதியில் பள்ளிக்கூடத்தில் நடந்ததெல்லாம் எனக்கே இன்றைக்குத்தான் தெரியவந்தது. உங்களுக்குக் குழப்பம் வேண்டாமே என்று முன்னால் வைக்கிறேன்.)

எல்லாம் சரியாகத்தான் போயிருக்க வேண்டும். கம்ப்ரசருக்குப் பிள்ளைப்பாசம் பொங்காமல் இருந்திருந்தால்.

மனைவி இவ்வளவு பாடுபடுகிறாளே, நம் பங்குக்கு ஏதாவது செய்வோம் என்று, பிள்ளைகளின் சாப்பாட்டுப் பைகளுக்கு உள்ளே பழைய ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தெர்மாகோலை வெட்டி வைத்து, மேலே வெள்ளித்தாள் ஒட்டி, கெட்டி நூலால் தைத்துவிட்டான். ஜிப்புக்கு மேல் ஒரு மடிப்பு, மடிப்புக்கு மேல் ஒட்டுப்பட்டை. மாடிப்படியில் என்னைப் பிடித்துவைத்துக் காட்டினான். “என் தொழில்ல குளிர் வெளிய போச்சுன்னா, கஸ்டமர் செருப்பக் கழட்டுவான்க்கா” என்று பெருமையாகச் சொன்னான். நானும் பைக்குள் கையை விட்டுப் பார்த்து, எனக்கு ஒன்று தைத்துத் தரச்சொன்னேன்.

குளிர் வெளியே போகாவிட்டால் சாப்பாடு எப்படி உருகும் என்று அவனும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அவள் சமையலில் அவன் தலையிடுவதில்லை. அவன் குளிரில் அவள் தலையிடுவதில்லை. ஒற்றுமையான தம்பதி என்று நாம் சொல்வது இப்படிப்பட்டவர்களைத்தான்.

முதல் நாள் மதியம் பெரியவள் டப்பாவைத் திறந்தாள். மாக்கரோனி ஒரே கல்லாக, டப்பாவின் வடிவத்திலேயே வெளியே வந்தது. சின்னவன் தன் உருளைக்கிழங்கு வடையைப் பெஞ்சில் தட்டினான். பெஞ்சுக்குத்தான் வலித்திருக்கும். ஐஸ்கிரீம் மாதிரி நக்கிப் பார்த்தான். பட்டாணி ஒன்று கிடைத்தது.

அம்மா விட்ட சவால் இரண்டு பேருக்கும் தெரியும். பெரியவள் தம்பியைத் தனியாகக் கூட்டிப்போய் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாளாம்: “நீ வீட்ல சொன்னேன்னா, சாயங்காலம் அம்மா கிடையாது.”

மறுநாள் முதல் அவள் காலை இடைவேளையில் இரண்டு பைகளிலிருந்தும் டப்பாக்களை எடுத்துவிடுவாள்; அதற்கு முன்னால் சாப்பாட்டுப் பையைத் தொட விடமாட்டார்கள். ஒன்றின் மேல் அவள் உட்கார்ந்துகொள்வாள், இன்னொன்றைத் தம்பிக்குக் கொடுத்தனுப்புவாள். கணக்குப் பாடம், சமூகப் பாடம், விளையாட்டு நேரம் எல்லாவற்றுக்கும் அடைகாத்தார்கள். மதியத்துக்குள் ஓரங்கள் மட்டும் இளகியிருக்கும். அதைச் சுரண்டித் தின்றுவிட்டு, மீதியைக் காக்காய்க்குப் போட்டு, காலி டப்பாவோடு வீட்டுக்கு வந்தார்கள்.

6

நான் கண்ணால் பார்த்தது சாயங்காலங்களை மட்டும்தான். படியேறும்போதே பிள்ளைகள் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். செருப்பைக் கழற்றுவதற்குள் வாயில் ரொட்டி இருக்கும். எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று என்னிடம் சொல்லுவாள்: “நான் பக்கத்துல இருந்தா எப்படிச் சாப்பிடறாங்க பாருங்கக்கா. இத்தனை நாள் பாதியத் தட்டுல வெச்சுட்டு எழுந்துடுவாங்களாம்.”

அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை வர்ணிக்க— வேண்டாம். நானும் ஆமாம் போட்டேன். ஆமாம் போடுவது எனக்கு நன்றாக வரும்.

7

இன்று சாயங்காலம் செருப்புச் சத்தம் படியேறி வந்தது. எதிர்வீட்டு வாசலில் நின்றது. பிறகு திரும்பி வந்து என் மணியை அடித்தது.

நாத்தனார் கையில் பெரியவளின் வெள்ளித்தாள் பை. உள்ளே வந்து உட்காரவில்லை. கதவை ஒட்டியே நின்று சொன்னார். ஏதோ கையெழுத்து வாங்க மூன்றாம் வகுப்புக்குப் போயிருக்கிறார். வகுப்பில் ஒரு தலை மட்டும் மற்றத் தலைகளைவிட உயரமாக இருந்திருக்கிறது. எழுந்திரு என்றால் எழுந்திருக்கவில்லை. கையைப் பிடித்துத் தூக்கினால், கீழே டப்பா.

ஆபீசில் உட்காரவைத்துக் கேட்டதும் பெரியவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கடைசியாக, “நாங்க சாப்பிட்டுடறோம் அத்தை, உருகத்தான் கொஞ்சம் லேட்டாகுது. நீங்க சொன்னா அம்மா போயிடுவாங்க” என்றாளாம். நாத்தனார் தன் சாப்பாட்டை இரண்டு பேருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, அந்த டப்பாவைப் பையோடு வாங்கி வைத்துக்கொண்டார்.

எதிர்வீட்டில் சிரிப்புச் சத்தம். தாயும் பிள்ளைகளும் எதையோ உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் அந்தப் பக்கம் காதைக் கொடுத்தார்.

“போன மாசம் இந்தச் சத்தம் என் வீட்ல கேட்டுச்சு” என்றார்.

8

முடிவுகள் என்னிடம் கைவசம் இருந்தன. அவரிடமே சொல்லிப் பார்த்தேன்.

தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுத் தெர்மாகோலை மட்டும் உருவச் சொல்லிவிடுங்கள் என்றேன். கம்ப்ரசர் வயிற்றில் எந்த ரகசியம் தங்கியிருக்கிறது, சட்டையை மாற்றுவதற்குள் பெண்டாட்டியிடம் ஒப்பித்துவிடுவான் என்றார். புதுசாக இரண்டு மெல்லிசுப் பை வாங்கிப் பரிசாகக் கொடுங்கள் என்றேன். ராத்திரியோடு ராத்திரியாக அதற்குள்ளும் தெர்மாகோல் ஒட்டிவிடுவான். எலி கடித்துவிட்டது என்று சொல்லிப் பைகளைத் தூக்கி எறிந்துவிடலாமே? “எனக்குப் பொய் வராதுங்க. முகம் காட்டிக்குடுத்துடும்.”

அப்படியானால் உண்மையைச் சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் பசியில் வாடுகிறார்களே என்றேன். (இந்த முடிவை ஒரு பக்கம் எழுதியே வைத்திருந்தேன். அதில் எதிர்வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசாமல் சாயங்கால வண்டிக்குத் திரும்பிப் போகிறாள். எல்லோர் கண்ணிலும் தண்ணீர். கிழித்துவிட்டேன்.)

“சொன்னா, இதுக்குத்தான் நான் காத்துட்டு இருந்தேன்னு நினைப்பா” என்றார் நாத்தனார்.

கேட்கக் கூடாததைக் கேட்பது என் சுபாவம்.

“காத்துட்டு இருந்தீங்களா?”

கொஞ்சநேரம் பையின் ஒட்டுப்பட்டையைப் பிரித்து ஒட்டினார், பிரித்து ஒட்டினார்.

“ஆமா. இன்னிக்கு அவ டப்பா மேல உக்காந்திருந்தத பாக்கற வரைக்கும்.”

அப்புறம், “நீங்க கதை கட்டறவங்கதானே? ஒண்ணு கட்டுங்க. நான் அந்தக் கதவத் தட்டினா என்ன சொல்லணும்?” என்றார். இவ்வளவு காலமாக எழுதுகிறேன். என்னிடம் யாரும் இப்படி நேராக வந்து ஒரு வரி கேட்டதில்லை.

9

தட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. எதிர்க்கதவு தானாகத் திறந்தது. எதிர்வீட்டுக்காரி நின்றாள். ஓடி விளையாடியதில் தலை கலைந்திருந்தது. அவள் இடுப்புக்குப் பின்னாலிருந்து பெரியவளின் முகம் எட்டிப்பார்த்தது. பையைப் பார்த்ததும் அந்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

“என்னக்கா, இங்கயே நின்னுட்டீங்க? உள்ள வாங்க” என்றவள், நாத்தனார் கையைக் கவனித்தாள். “இது பெரியவ பையாச்சே. உங்ககிட்ட எப்படி?”

கையை நீட்டினாள்.

நாத்தனார் என்னைப் பார்த்தார். பெரியவளும் என்னைத்தான் பார்த்தாள். இந்தக் கட்டடத்தில் யார் வீட்டு விஷயத்திலும் எனக்கு வார்த்தைப் பஞ்சம் வந்ததில்லை. இப்போது, “அது வந்து—”

இதற்கு மேல் எனக்கு வரவில்லை. நிஜமாகவே வரவில்லை, எழுத்தாளர் தந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆகவே உங்களைப் பார்க்கிறேன். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் எதையோ மறைத்துக் காப்பாற்றியிருப்பார்; என்ன சொல்லிக் காப்பாற்றினார்? அந்த வரியைத்தான் கேட்கிறேன். நல்ல வரியாக இருக்க வேண்டும் என்றில்லை. நாத்தனார் முகம் மாறாமல் சொல்லக்கூடியதாக இருந்தால் போதும்.

எதிர்வீட்டுக்காரியின் விரல் பையின் பிடியைத் தொட்டுவிட்டது. உள்ளே டப்பா இன்னும் சில்லென்றுதான் இருக்கும். கம்ப்ரசர் வேலை சுத்தம். திறந்தால் தெரிந்துவிடும்.

சீக்கிரம் சொல்லுங்கள்.