முழுக்கைச் சட்டை

"பிடிங்கன்னா பிடிக்கணும், தடவிக்கிட்டு இருக்கக் கூடாது!"

தையல்காரி அதட்டினாள். அவள் கணவர், அட்டைப்பெட்டி ஆலையின் மெஷின்காரர், இடது கையால் டம்ளரைத் தூக்கப் பார்த்தார். அது நழுவி மேசையெல்லாம் தண்ணீரானது. பக்கவாதம் வந்து போனதில் கால் தேறிவிட்டது, பேச்சும் தேறிவிட்டது. அந்தக் கை மட்டும் தேறவில்லை.

"இப்படிப் போய் நின்னீங்கன்னா சீட்டு கிழிஞ்சிடும்."

"எனக்குத் தெரியாதா? கை சொன்ன பேச்சைக் கேட்டாத்தானே!"

மருத்துவ விடுப்பில் இருந்தவரை மறுநாள் வரச் சொல்லி ஆலையிலிருந்து ஆள் வந்திருந்தது. அந்தத் தெருவில் யாருக்கு என்ன நோய் வந்தாலும் முதல் வைத்தியம் அதை மறைப்பதுதான். பக்கத்து வீட்டுக்காரருக்கு அதே ஆலையின் இரைச்சலில் காது போய்விட்டது. யார் எதைச் சொன்னாலும் சிரித்துத் தலையாட்டியே வருஷக்கணக்கில் காலம் தள்ளுகிறார். யார் கற்றுக் கொடுத்த பழக்கமோ, பாழாய்ப்போன பழக்கம்!

தையல்காரி ஒரு முழுக்கைச் சட்டை தைத்தாள். சட்டையின் இடது கையை விரல் மறையும்வரை நீட்டி விட்டாள்.

"கையைப் பைக்குள்ள விட்டுக்கிட்டே பேசுங்க. உடம்பு எப்படின்னா, நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"பெரியவங்க முன்னாடி பைக்குள்ள கையை விட்டா மரியாதையா இருக்குமா?"

"வேலை போனா மரியாதை வந்து சோறு போடுமா?"

மறுநாள் திரும்பி வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு.

"மேனேஜர் உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்தாருடி! கொண்டாந்தவன் டம்ளரை இடது கை பக்கம் வச்சிட்டான். எனக்கு உசுரே இல்ல. அவரே எடுத்து இந்தப் பக்கம் நகத்தி வச்சாரு. 'முழுசா குணம்தானே? எழுதிக்கலாமா?'ன்னாரு. 'எழுதிக்குங்க சார்'னேன். தங்கமான மனுஷன்!"

"மகராசன் நல்லா இருக்கட்டும்" என்று அவள் மனமார வாழ்த்தினாள்.

தங்கமான மனுஷன் அவரைப் பழைய மெஷினிலேயே நிறுத்தினார். இரண்டு கையாலும் அட்டையை ஏந்தித் தள்ள வேண்டிய மெஷின் அது. ஒற்றைக் கையோடு வயிற்றையும் முட்டுக்கொடுத்துக் கொஞ்ச நாள் சமாளித்தார். ஒரு நாள் அட்டைக்கட்டு சரிந்து உருளைக்குள் மாட்டியது. மெஷின் நின்றது. கவனக்குறைவு என்று சொல்லி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அன்று வீடு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்தார்.

"மேனேஜர் என்ன சொன்னாரு தெரியுமா? 'கை வரலைன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, சட்டப்படி உங்களை அனுப்பவே முடியாது. உக்காந்து பாக்கற வேலையா, அதே சம்பளத்துல குடுத்தே ஆகணும். நீங்கதான் நல்லா இருக்குன்னுட்டீங்களே, எனக்கு எப்படித் தெரியும்?'னு கேக்கறாரு."

சொல்லியிருந்தால் பிழைத்திருக்கும் வேலை!

"நான்தானே மறைக்கச் சொன்னேன்! என் வாயாலயே கெடுத்தேனே, பாவி!" என்று தையல்காரி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே இருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஏங்க, அன்னைக்கு டம்ளரை நகத்தி வச்சது யாரு?"

"அவருதான்."

"கை விஷயம் தெரியாதவரு எதுக்கு நகத்தினாரு?"

அவர் தன் இடது கையைப் பார்த்தார்.

அவள் கத்தரியை எடுத்தாள். அவர் போட்டிருந்த முழுக்கைச் சட்டையைக் கழற்றி, அதன் இடது கையைத் தோளோடு வெட்டினாள்.

"நாளைக்கு இதைப் போட்டுக்கிட்டு வாங்க. நானும் வரேன்."

மறுநாள் வேலை மாறும் நேரம். மேனேஜர் அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் வாசலில் கூடிவிட்டார்கள். கோபத்தை அடக்கிக்கொண்டு தையல்காரி பணிவாகத்தான் கேட்டாள்.

"அன்னைக்கு டீ டம்ளரை நீங்களே நகத்தி வச்சீங்களாமே சார். சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போனாரு. எதுக்கு சார் நகத்தினீங்க?"

ஊழியர்கள் பார்க்கிறார்கள் என்றதும் மேனேஜருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அட, ஒரு மனிதாபிமானம்தாம்மா. இடது கை வராம, டம்ளரை எடுக்க முடியாம தவிச்சாரு, பாவம்."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. அவர் முகம் வெளுத்தது.

"இதையே தொழிலாளர் ஆபீஸ்ல வந்து சொல்லுங்க சார். எனக்கு அது போதும்."

மெஷின்காரர் மெலிந்துபோன இடது கையை வலது கையால் தூக்கி, எல்லாரும் பார்க்க மேனேஜரின் மேசைமேல் வைத்தார்.

வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர் வழக்கம்போலத் தலையாட்ட ஆரம்பித்தார். ஆட்டிய தலை பாதியில் நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"மேனேஜர் என்ன சொன்னாரு? எனக்குக் காது கேக்காது. சத்தமா சொல்லச் சொல்லுங்க."