முப்பத்தொன்றாம் கடிதம்

முப்பத்தொன்றைத்தான் கேட்கப் போகிறார். கேட்காமல் போனால் நல்லது. கேட்டால் என்ன சொல்வேன்?

சாப்பாட்டு மேசையில் அவள் கடிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கணவர் கடற்படையில் இருந்தபோது கப்பலிலிருந்து எழுதியவை. தபால் முன்பின்னாக வந்து சேரும் என்பதால் ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் எண் போட்டு அனுப்புவார். மொத்தம் நாற்பத்தாறு. அவர் நிற்கும் தேர்தலுக்குள் அவற்றைப் புத்தகமாக்குவது கட்சியின் யோசனை. கையெழுத்தை அப்படியே படமெடுத்து அச்சிடுவார்களாம்.

"அண்ணி, நாலு மணிக்குள்ள அச்சகத்துக்குப் போயிடணும்," என்றார் பிரசாரப் பொறுப்பாளர். "அண்ணன் இப்படி உருகினதப் படிச்சா, எதிர்க்கட்சிக்காரன் பொண்டாட்டியே நமக்குத்தான் ஓட்டுப் போடுவா."

அவள் சிரித்து வைத்தாள். கணவர் சிரிக்கவில்லை. "நீங்க கார்ல இருங்க தம்பி," என்று அவரை அனுப்பிவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"முப்பத்தொண்ண எடுத்துடு."

கப்பல் பாறையில் மோதி, விசாரணை முடிந்த வாரம் எழுதியது அது. ஆழம் போதாதென்று வழி குறிக்கும் அதிகாரி தடுத்தும் கேளாமல் போகச் சொன்னது நான்தான், விசாரணையில் பழியை அவன்மேல் போட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தார். அந்த அதிகாரிக்கு வேலை போயிற்று. இவர் மேலே மேலே போய்த் தூதரானார். நீங்கள் பத்திரமாக இருந்தால் போதும் என்று அவள் அன்று பதில் எழுதினாள். அந்த மனிதனைப் பற்றி ஒரு வரி கேட்கவில்லை.

"எடுத்தா முப்பதுக்கு அப்புறம் முப்பத்திரெண்டு வருமே. பாக்கறவங்க கேப்பாங்களே."

"அதான் உன்கிட்ட சொல்றேன்." ரப்பரையும் பென்சிலையும் அவள் பக்கம் நகர்த்தினார். "முப்பத்திரெண்ட முப்பத்தொண்ணாக்கி, கடைசிவரைக்கும் ஒவ்வொண்ணாக் குறைச்சுப் போடு. தூதரகத்துல என் பேர்ல எத்தனை நன்றிக் கடிதம் எழுதியிருப்ப? எது என் எழுத்துன்னு எனக்கே தெரியாது."

உண்மைதான். விருந்துக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அவர் எழுத்திலேயே எழுதிப் பழகி, இப்போது மளிகைச் சீட்டுகூட அப்படித்தான் வருகிறது. தன் எழுத்து எப்படி இருந்தது என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

வெளியே கார் ஹாரன் அடித்தது.

"சீக்கிரம்மா. இதுல என்ன இருக்கு?"

அவள் ரப்பரைத் தொடவில்லை. முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில் முப்பத்தொன்றைச் செருகி, நாற்பத்தாறையும் சேர்த்துக் கட்டினாள். கட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்," என்றாள். "உங்க எழுத்துல இனி நான் எழுத மாட்டேங்க."