முனையில் நின்றவள்

மிர்சாத் இரண்டாம் தடவையும் டிரைவிங் டெஸ்டில் ஃபெயில் ஆனபோது அழுதது யூனிஸ்தான். கார் அவளுடையது, சொல்லிக்கொடுத்ததும் அவள். பிஸ்கட்டவே ஊர் சர்ச்சில் போஸ்னியா அகதிகளுக்கு உதவ ஆள் கேட்டபோது முந்திரிக்கொட்டை மாதிரிக் கையைத் தூக்கியவளும் அவளே. அவளே தன் முதல் இரண்டு டெஸ்டைக் கோட்டைவிட்டவள் என்பது கணவன் ஜெபதாஸுக்கும் கர்த்தருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

அப்படி வந்த மிர்சாத் போஸ்னியாவின் சரயேவோ நகரில் பதினாறு வருடம் பஸ் ஓட்டியவர். ரிவர்ஸ், பார்க்கிங் எல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் நாலு பக்கமும் திறந்து கிடக்கிற ரோட்டு முனை வந்தால் போதும், ஸ்டாப் போர்டு கண்ணெதிரே நின்றாலும் தலையைக் குனிந்துகொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிடுவார். ரொட்டி வேன் ஓட்டும் வேலையை ஒரு பேக்கரிக்காரர் ஜனவரி முடியும்வரை அவருக்காக வைத்திருந்தார். மூன்றாவது டெஸ்டும் போனால் வேலையும் போகும். அதுவரை ஹோட்டலில் படுக்கை விரித்துக் குடும்பத்தை ஓட்டியது அவர் மனைவி அஸ்ரா.

"ரூல் புக்க இன்னொரு தடவ படிக்கச் சொல்லு யூனிஸ்" என்றான் ஜெபதாஸ். அவளும் புத்தகத்தோடு போய் உட்கார்ந்து, ஸ்டாப் போர்டு பற்றிய பக்கத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். மிர்சாத் எழுந்து உள்ளே போய்விட்டார். அஸ்ராதான் காபியை ஊற்றிக்கொண்டே, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள். சண்டையில் மூன்று வருடம் அவர்கள் ஊரைச் சுற்றி மலைமேல் துப்பாக்கிகள். திறந்த முனையில் நின்றவர்களைச் சுடுவார்கள். பஸ்ஸானாலும் மனுஷனானாலும் பாய்ந்து கடந்தால்தான் உயிர்.

"என் தம்பி நின்னான். ஷூ லேஸ் கட்ட" என்றாள்.

யூனிஸுக்குப் புத்தகத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் அஸ்ராவும் காரில் ஏறிக்கொண்டாள். அபார்ட்மென்டைத் தாண்டிய முனையில் இறங்கி, ஒரு சுற்று சுற்றிவிட்டு வரும்படி சொன்னாள். அவர்கள் திரும்பி வந்தபோது ஸ்டாப் போர்டுக்குக் கீழே, பனியில், முதுகை நிமிர்த்திக்கொண்டு தன்னந்தனியாக நின்றாள். முழங்கால்கள் கிடுகிடுவென்று நடுங்கின. குளிர் என்றுதான் யூனிஸ் முதலில் நினைத்தாள். பிறகுதான் உறைத்தது. பால் வாங்கப் போனாலும் இந்தப் பெண் ரோட்டை ஓடியேதான் கடப்பாள். வந்து ஒன்றரை வருடத்தில் ஒரு முனையிலாவது அவள் நின்று யூனிஸ் பார்த்ததில்லை.

மிர்சாத் அவர்கள் பாஷையில் அவளைப் போகச் சொல்லிக் கத்திக்கொண்டே சீறிக் கடந்தார். இரண்டாவது சுற்றும் அப்படியே. அவள் அசையவில்லை. நாலாவதில் வேகம் குறைந்தது. ஏழாவதில் கார் அவள் பக்கத்தில் வந்து நின்றது. அஸ்ரா கண்ணாடியைத் தட்டி ஏதோ கேட்டாள். உனக்கு யார் டிரைவிங் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கிறாளாம். மிர்சாத் அதை யூனிஸுக்குச் சொல்லிச் சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

எட்டு மணி நேரம் ஹோட்டலில் உழைத்துவிட்டு வந்து, பதினோரு நாள் அவள் அப்படி நின்றாள். தைரியசாலி என்று தன்னைப் பற்றி யூனிஸ் வைத்திருந்த எண்ணம் அந்தப் பதினோரு நாளில் காணாமல் போனது. அதில் அவளுக்கு வருத்தமே இல்லை.

டெஸ்ட் அன்றைக்கு அஸ்ராவுக்கு லீவு கிடைக்கவில்லை. முனையில் அவள் நிற்காவிட்டால் இவர் நிற்பாரா? யூனிஸ் வெயிட்டிங் ஹாலில் தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொல்லி முடித்தாள். அரைமணி கழித்து மிர்சாத்தும் டெஸ்ட் அதிகாரியும் வந்தார்கள். பாஸ்தான், ஆனால் ஸ்டாப் போர்டில் இவ்வளவு நேரம் நின்றால் பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடிப்பார்கள் என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

ஏன் அவ்வளவு நேரம் என்று காரில் ஏறியதும் யூனிஸ் கேட்டாள். மிர்சாத் சாவியைத் திருகினார்.

"மலைமேலேருந்து பாக்கறவன் நல்லாப் பாக்கட்டும்னு நின்னேன்."