பன்னு ஓட்டி வந்த வீடு

ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, ஒரகடத்தில் புருஷோத்தமனின் வீடு பதினோரு அடி வடக்கே நகர்ந்திருந்தது. சுவரில் விரிசல் இல்லை. அடுப்பில் வைத்த பால் சிந்தவில்லை. பின்பக்கத்து முருங்கை மரம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றதால், எவ்வளவு தூரம் என்று அளந்து பார்க்கச் சுலபமாக இருந்தது. வீட்டின் தெற்கு மூலைகள் இரண்டிலும், தரையிலிருந்து ஒன்றரைச் சாண் உயரத்தில், சுண்ணாம்பு பெயர்ந்து பல் தடங்கள் தெரிந்தன. அந்த உயரத்தில் வாய் உள்ள பிராணி அந்தத் தெருவில் ஒன்றுதான்.

அதன் பெயர் பன்னு. கார்கி ஜாதி, குட்டைக் கால், நரிக் காது, பேக்கரி பன்னின் நிறம். கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் புருஷோத்தமனிடம், ஊர் திரும்பிய வெளிநாட்டு மேனேஜர் மூன்று வருஷத்துக்கு முன் அதைக் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே ஒரு பிரஷ், ஒரு பக்கக் குறிப்பு. குறிப்பை அவன் மனைவி லீலா சமையலறைச் சுவரில் ஒட்டினாள். முதுகு நீளம், படியில் குதிக்க விடக்கூடாது; எடை ஏறக்கூடாது; தார் சுடுவதற்கு முன் நடை முடிய வேண்டும். புருஷோத்தமன் வாசல் படி மேல் பலகையைச் சாய்த்துச் சரிவு போட்டான். லீலா முட்டை அவித்து மஞ்சளை எடுத்துவிட்டு ஊட்டினாள். முடி கொட்டும் மாதங்களில் இருவரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து சீவினார்கள். ஒரு சீசன் முடியில் ஒரு தலையணை ஆயிற்று.

மாடு ஓட்டப் பிறந்த ஜாதி என்பதால் பன்னு எதையாவது ஓட்டிக்கொண்டே இருந்தது. செருப்புகளை ஓட்டியது, எதிர்வீட்டு சசிகலாவின் கோழிகளை ஓட்டியது, கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்களைக் குதிகாலில் முட்டி வரிசையில் நிறுத்தியது. "எங்க வூட்டுக்காரர் இருபது வருஷமா லைன்ல நின்னதே இல்லடா, உன் நாய் நிக்க வெச்சிடுச்சி" என்றாள் சசிகலா. புருஷோத்தமனும் லீலாவும் உள்ளே வந்து சேர்ந்த பிறகுதான் பன்னு வாசலுக்குக் குறுக்கே படுக்கும், பின்னங்கால் இரண்டையும் தவளை மாதிரி நீட்டிக்கொண்டு.

சித்திரையில் லீலாவுக்கு இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் லைன் லீடர் வேலை கிடைத்தது. பதினெட்டு கிலோமீட்டர், இரண்டு பஸ், மாறிமாறி வரும் ஷிஃப்ட். கூட வேலை செய்யும் மெர்சியோடு அங்கே ஒரு ரூம் எடுத்தாள்.

"அங்கயே ஒரு வூடு பார்த்துடலாம்யா" என்றாள்.

"எங்கப்பா கட்டின வூடு. இத்த வுட்டுட்டு நான் எங்க வர்றது?"

"பதினோரு வருஷம் வேலை செஞ்ச பின்னாடி லைன் லீடர் போஸ்ட் குடுத்துக்கிறாங்க. அத்த நானும் வுட மாட்டேன். உனக்கு வூடுதான் பெருசுன்னா, வூட்டையும் தூக்கினு வா."

முதலில் ஞாயிறுதோறும் வந்தாள். பிறகு ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் வந்தது. ஆனி முடிவதற்குள் போன் பேச்சு 'சாப்டியா', 'பன்னு சாப்டுச்சா' என்ற இரண்டு கேள்விகளுக்குச் சுருங்கிவிட்டது. இப்படியே போனால் அந்த இரண்டில் எது மிஞ்சும் என்று புருஷோத்தமனுக்குப் பயம் வந்தது.

பன்னு படுப்பதை நிறுத்தியது. வாசலில் நின்றபடியே கண்ணை மூடும். ஸ்ரீபெரும்புதூரில் நாய் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஒண்ணுமில்ல. மந்தை பிரிஞ்சிருந்தா இது படுக்காது. உங்க வூட்ல யாராவது வெளிய இருக்காங்களா?" என்று கேட்டார். புருஷோத்தமன் பன்னுவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அடுத்த செவ்வாய்க்கிழமைதான் வீடு நகர்ந்தது.

புதன்கிழமை ஒன்பது அடி, வியாழக்கிழமை பதினான்கு. மின்வாரிய லைன்மேன் மாரிமுத்து கம்பத்திலிருந்து இறங்கி, "வயர் இதுக்கு மேல இழுக்காது தலைவரே. இன்னும் போவுமா, இங்கயே நிக்குமா, ஒண்ணு முடிவு பண்ணிச் சொல்லு" என்றார். புருஷோத்தமன் நாயைக் கட்டிப்போட்டான். வீடு நின்றது. பத்து நாளில் பன்னுவுக்கு விலா எலும்பு தெரிந்தது. சீவினால் முடி கொத்தாக வந்தது. முட்டையை வாயருகே கொண்டுபோனால் அது அவனைப் பார்க்காது, வடக்கே பார்க்கும். பதினோராம் நாள் விடியலில் அவன் போய்த் தண்ணீர்க் குழாயை மூடினான், மாரிமுத்துவைக் கூப்பிட்டு வயரைக் கழற்றச் சொன்னான், கயிற்றை அவிழ்த்தான்.

"போலாம்டா" என்றான்.

அதற்குப் பிறகு நாளுக்கு அரை கிலோமீட்டர். காலை ஐந்திலிருந்து ஏழு வரை, தார் சுடுவதற்குள். பன்னு மூலைக்கு மூலை ஓடிக் கவ்வும். வீடு மெல்ல நகரும். புருஷோத்தமன் தண்ணீர்க் கிண்ணத்தோடு முன்னால் நடப்பான். ஏழு மணிக்கு ஓரமாக நிறுத்திவிட்டு ஷிஃப்டுக்குப் போவான். காற்றாலை இறக்கை ஏற்றிய டிரெய்லருக்கு ஒதுங்குவதுபோல லாரிகள் ஒதுங்கின. ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி, வீடு உள்ளே வருகிறதா நேரே போகிறதா என்று மட்டும் கேட்டார். பன்னு தினமும் இரண்டு முட்டை தின்றது.

முப்பத்தாறாம் நாள் காலை, மெர்சியும் லீலாவும் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தபோது, அவர்கள் ரூமுக்குப் பக்கத்துக் காலி மனையில் வீடு நின்றிருந்தது. புருஷோத்தமன் படிக்குப் பலகை வைத்துக்கொண்டிருந்தான். லீலா அவனைப் பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"பெருக்கி எத்தினி நாளாச்சி? வூடு ஃபுல்லா முடியா கீது" என்றாள்.

"வழியில எங்க பெருக்கறது?"

"நான் சும்மா வாய் வார்த்தைக்கு சொன்னேன்யா."

"நாய்க்கு அது தெரியலையே" என்றான் அவன். லீலா அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. மெர்சி ரூமுக்குள் போய்ச் சத்தமாகப் பாத்திரம் கழுவினாள். பன்னு இருவர் குதிகாலிலும் முட்டி உள்ளே தள்ளியது. பிறகு வாசலுக்குக் குறுக்கே விழுந்து, பின்னங்காலை நீட்டி, மறுநாள் மதியம்வரை தூங்கியது.

மனைக்காரி மஹாலட்சுமி அம்மாள் சண்டைக்கு வந்து, காபி குடித்து, ஒரகடத்து மனையை இதற்கு மாற்றிக்கொள்ளச் சம்மதித்துப் போனார். அப்பாவின் மனைக்குக் கையெழுத்துப் போடும்போது புருஷோத்தமன் ஒரு நிமிஷம் பேனாவைப் பிடித்தபடி இருந்தான், பிறகு போட்டான். இப்போது இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போவது அவன் முறை.

ஐப்பசியில் ஒரு நாள் காலை லீலா பின்கதவைத் திறந்தபோது முருங்கை மரம் வந்து நின்றிருந்தது. வேரில் ஒரகடத்துச் செம்மண் ஒட்டியிருந்தது. அடிமரத்தில் பல் தடம் ஒன்றுகூட இல்லை. பன்னு ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"யோவ்" என்று லீலா உள்ளே குரல் கொடுத்தாள். "பஸ்ஸுக்குப் போறதுக்குள்ள நாலு காய் பறிச்சிக் குடு. சாம்பாருக்குப் பருப்பு வெச்சிட்டேன்."