மூன்று சபை அரிசி

அந்த வடக்கத்தி ஊரின் ஜனவரிப் பனியில் ஆஸ்பத்திரி வாசல் கரைந்து போயிருந்தது. கேட்டும் இல்லை, சுவரும் இல்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து முதலில் ஒரு கரண்டி வந்தது, அப்புறம் ஒரு கை, அப்புறம்தான் ஆள்.

“அண்ணாச்சி, கஞ்சி குடிக்கீங்களா?”

துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். சும்மா கொடுக்கிறவர்களை நான் நம்புவதில்லை. கஞ்சியை ஊற்றிவிட்டுப் பெயரைக் கேட்பார்கள், பிறகு சாமியைக் கேட்பார்கள். ஆனால் உள்ளே என் பெண்டாட்டி தங்கம் ஒரு வாரமாக ஒன்றும் இறங்காமல் கிடந்தாள். ரெண்டு வேளைச் சாப்பாடாவது வயிற்றில் தங்கினால்தான் திங்கட்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வார்டில் தரும் கிச்சடியை அவள் மோந்துகூடப் பார்க்கவில்லை. கஞ்சி என்றால் குடிப்பாளாம்.

தூக்குச்சட்டியை நீட்டினேன். ஊற்றிய அம்மாள் உஷாராணி டீச்சர் என்று பிறகுதான் தெரிந்தது. பெயரும் கேட்கவில்லை, சாமியும் கேட்கவில்லை. அதனாலேயே எனக்குச் சந்தேகம் கூடிற்று.

தங்கம் ஒரு வாய் வைத்துத் துப்பினாள். “ஒரு பருக்கை களி, ஒரு பருக்கை கல்லு.”

முப்பது வருஷம் சர்க்கார் கேன்டீனில் அடுப்படியில் நின்றவன் நான். நேரே அண்டாவுக்குப் போனேன்.

“மனுசன் குடிக்கிற கஞ்சியா இது?”

அண்டாப் பக்கம் நின்ற பாஸ்டர் எபனேசர் பதறிவிட்டார். “ஐயா, இது பிடி அரிசி. வீட்ல உலை வைக்கும்போதெல்லாம் ஆண்டவருக்குன்னு ஒரு பிடி எடுத்து வைப்பாங்க. எங்க சபை, டீச்சர் சபை, சிஸ்டர் சபைன்னு மூணு சபையும் ஒண்ணா ஊழியம் செய்யணும்னு, மூணு மூட்டையையும் ஒரே டிரம்ல கொட்டி, கை வச்சு ஜெபிச்சோம்.”

“ஜெபிச்சா புழுங்கலும் பச்சரிசியும் சேந்து வெந்துருமா?”

பக்கத்தில் நின்ற கத்தோலிக்கச் சிஸ்டர் முக்காட்டுக்குள் சிரித்தார். “ஒரு வாரமா இவங்க அரிசி வேகல, அவங்க அரிசி வேகலன்னு ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டு நிக்கறோம்.”

டிரம்முக்குள் கையை விட்டேன். பொன்னி, பாஸ்மதி, மட்டை அரிசி, பச்சரிசி. முழங்கை வரை குளிர்ந்தது. யார் யார் வீட்டு அடுப்படியோ அதற்குள் தூங்கிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

“பிரிச்சிரலாமா?” என்றார் டீச்சர்.

“ஆயுசு போயிரும். உடைச்சு நொய்யாக்குங்க. எல்லாம் ஒரே அளவானா ஒண்ணா வேகும்.”

பக்கத்துச் சந்தில் மாவு அரைக்கிற சக்கி இருந்தது. “பையா, ஆட்டா நஹி, மோட்டா, மோட்டா” என்று, மாவாக்கிவிடாமல் பருவெட்டாக, நானே நின்று உடைத்து வாங்கினேன். இவர்களை நம்பி விட முடியாது.

மறுநாள் விடிந்தபோதும் அதே பனி. நான் கிண்டினேன். மூன்று பேரும் ஜெபிக்க நின்றார்கள்.

“ஜல்தி முடிங்க, அடி பிடிச்சிரும்.”

சத்தமே இல்லாமல் தலை குனிந்தார்கள். ஆவியும் பனியும் கலந்து மேலே போயின. யார் எந்தச் சபை என்று தெரியவில்லை. வரிசையில் நின்றவர்களும் தரையில் கால் படாமல் மிதந்து வருகிற மாதிரி இருந்தது.

வார்டில் தங்கத்தின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஸ்பூன் இறங்கிற்று. அஞ்சு இறங்கிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று, திரும்பி வரவில்லை.

“யாரு காச்சுனது?”

“எவனோ.”

“பொய். இது உங்க கை உப்பு.” கண்ணை மூடிக்கொண்டாள். “மத்தியானத்துக்கு இருக்கா?”

கீழே ஓடினேன். அண்டாவைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். டீச்சர் துணி சுற்றிய ஒரு தூக்கை நீட்டினார், சூடாகவே.

“என் பேரு கருப்பசாமி,” என்றேன். “உங்க சபை எதுலயும் நான் சேர மாட்டேன்.”

“யாரு கூப்பிட்டா? நாளைக்கு அரிசி உடைக்கணும், சக்கிக்கு வந்துருங்க.”

மத்தியானக் கஞ்சியும் தங்கிற்று. திங்கட்கிழமை அவளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனபோது, கதவுக்கு அந்தப்பக்கமும் ஒரே வெள்ளையாக இருந்தது. நான் வெளியே வந்து கரண்டியைப் பிடித்தேன். அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருந்தேன், ஆபரேஷன் முடிந்து வார்டுக்காரர்கள் வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவரைக்கும்.