மடியில் வைத்த குருணை டப்பா

ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரே வீட்டில் காலம் தள்ளுவதே பெரிய பாடு. ஒரே இடத்தில் வேலையும் பார்த்தால் எப்படியிருக்கும் என்று மூத்தவளிடம் கேட்டிருந்தால், "நல்லாத்தான் இருக்கோம்" என்றுதான் சொல்லியிருப்பாள். சொல்லும்போது முகம் வேறு கதை சொல்லியிருக்கும்.

அவள் வேலை பார்த்த ஆய்வகத்துக்குத் தொழிற்சாலைகள் தங்கள் ரசாயனச் சரக்கின் மாதிரியை அனுப்பி வைக்கும். அது எவ்வளவு ஆபத்தானது, டப்பாவில் எந்த எச்சரிக்கைச் சீட்டை ஒட்டுவது, எதோடு சேர்த்து லாரியில் ஏற்றக்கூடாது என்று பார்த்துச் சொல்வதுதான் அங்கே தொழில். கட்டடத்தின் கோடியில் இருந்த எரிப்பு அறை மூத்தவளுடையது. அப்படி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் கதவைத் தட்டாமல் மேலாளர்கூட உள்ளே வரமாட்டார். சுவரெல்லாம் புகை படிந்த அந்தச் சின்ன அறையில் அவள் வைத்ததுதான் சட்டம்.

கொழுந்தனுக்குக் கல்யாணமாகி இளையவள் வீட்டுக்கு வந்தாள். படித்திருந்த படிப்பும் ரசாயனம். "நம்ம அக்கா இருக்கற இடத்துலயே சேர்த்துவிடலாமே" என்று மாமியார் சொல்ல, மூத்தவளே சிபாரிசு செய்து, மூத்தவளே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டோம் என்று பிறகு பலமுறை நினைத்தாள்.

இளையவள் கெட்டவளாக இருந்திருந்தாலாவது ஒரு வழி இருந்திருக்கும். அவளோ எல்லாவற்றுக்கும் "சரிக்கா" என்பாள். கையெழுத்து அச்சு மாதிரி. வந்த ஆறு மாதத்தில் காவலாளி முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவளைப் பிடித்துப்போனது. வீட்டிலும் அதே கதை. மூத்தவள் களைத்து வந்தால் "கதவைச் சாத்திட்டு வாம்மா" என்று சொல்லும் மாமியார், இளையவள் வந்தால் "உக்காரும்மா, கால் வலிக்கும்" என்பாள். கேட்கும்போதெல்லாம் மூத்தவளுக்கு வயிற்றில் யாரோ அடுப்பு பற்றவைத்த மாதிரி இருக்கும்.

இப்படியிருக்கும்போது அந்த வெள்ளைக் குருணை வந்தது. துணி வெளுக்க ஒரு தொழிற்சாலை புதிதாகச் செய்த சரக்கு. அது தானாக எரியாது. ஆனால் எரிகிற பொருள் எதோடாவது சேர்ந்தால் தன்னிடமிருக்கும் ஆக்சிஜனைக் கொடுத்துத் தீயைத் தூக்கிவிடும். அந்த மாதிரிச் சரக்கை உலர்ந்த செல்லுலோஸ் தூளோடு கலந்து, கூம்பாகக் குவித்து, அடியில் சூடேறும் கம்பியால் பற்றவைத்து, எவ்வளவு சீக்கிரம் எரிந்து முடிகிறது என்று பார்ப்பார்கள். ஏற்கெனவே குணம் தெரிந்த ஒரு கலவையையும் அதே மாதிரி எரித்து, அதோடு ஒப்பிடுவார்கள். ரொம்ப வேகம் என்றால் முதல் வகை, நடுத்தரம் என்றால் இரண்டாம் வகை, மந்தம் என்றால் மூன்றாம் வகை; அதற்குத்தான் கட்டுப்பாடு குறைவு.

மூத்தவள் குருணையாகவே கலந்து எரித்தாள். தீ சோம்பேறித்தனமாக ஏறி, இறங்கி, அணைந்தது. மூன்றாம் வகை என்று முடிவு செய்தாள்.

மறுநாள் எல்லோரும் கூடியிருந்த இடத்தில் இளையவள் மீதியிருந்த மாதிரியைக் கையில் எடுத்து, ஒரு குருணையை விரலிடுக்கில் வைத்து அழுத்தினாள். அது மாவானது.

"சார், இது நொறுங்குதே. லாரியில போகும்போது தூளாயிட்டா, அரைச்சுத்தானே எரிச்சுப் பாக்கணும்?"

தூளானால் தீ இன்னும் வேகமாகும் என்பதால் விதி அப்படித்தான் இருந்தது. பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூளாக இருந்தாலோ, போகிற வழியில் நொறுங்கும் சரக்காக இருந்தாலோ, முழுவதையும் அரைத்துவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். மூத்தவளுக்கு அது தெரியாததல்ல. டப்பாவின் அடியில் கொஞ்சம் தூள் கிடந்ததையும் பார்த்திருந்தாள். கொஞ்சம்தானே என்று விட்டிருந்தாள். அதை நாலு பேர் முன்னால் இவள் வாயால் கேட்க வேண்டியிருந்ததுதான் பொறுக்கவில்லை.

"விரலால நசுக்கினா எல்லாந்தான் நொறுங்கும்" என்றாள். "வண்டியில வச்சு ஒரு நாள் பூரா சுத்திப் பாக்கலாம் சார். அப்புறம் சலிச்சா தெரிஞ்சிடும்."

மேலாளர் யோசித்துத் தலையாட்டினார். தொழிற்சாலை அனுப்பியதில் முத்திரை பிரிக்காத டப்பா இன்னும் இரண்டு இருந்தன. அதில் ஒன்றை ஆய்வக வேனில் ஏற்றுவது என்று முடிவானது.

"நானும் போறேன்" என்றாள் மூத்தவள்.

"நானும் வரேன்க்கா" என்றாள் இளையவள்.

வேன் ஓட்டுநருக்கு ஆமை என்று பெயர் வைத்திருந்தார்கள். பள்ளம் மேடு பார்த்துப் பார்த்து ஓட்டுகிற மனுஷன். அன்றைக்கு மட்டும் மோசமான ரோடாகப் பார்த்து வேகமாகப் போகச் சொன்னதும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "இத்தனை வருஷம் மெதுவா போனதுக்குத் திட்டுனீங்க, சரி. இப்ப குழியைத் தேடிப் போகச் சொல்றீங்களே" என்று முனகிக்கொண்டே வண்டியை எடுத்தார்.

கல் குவாரிக்குப் போகும் சாலையில் வேன் குதித்தது. தரையில் வைத்திருந்த டப்பா ஒரு குதி குதித்து இடப்பக்கம் சாய்ந்தது. மூத்தவள் சட்டென்று குனிந்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உருண்டுவிடக்கூடாது என்றுதான் எடுத்தாள். எடுத்த பிறகு கீழே வைக்க மனம் வரவில்லை. ஒவ்வொரு குழிக்கும் அவள் கை டப்பாவை இறுக்கிப் பிடித்தது, கைக்குழந்தையைப் பிடிப்பது போல.

ஆமை கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "மடியில கனம் இருந்தா வழியில பயம்னு சொல்லுவாங்க."

இளையவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். டீ குடிக்க நிறுத்தியபோது மட்டும், "கால் மரத்துப் போகலையாக்கா? கீழ வச்சுடுங்களேன்" என்றாள்.

"இருக்கட்டும்" என்றாள் மூத்தவள்.

சாயங்காலம் சலித்தார்கள். தூள் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகவே விழுந்தது.

"சரி, அப்ப மூணாம் வகையே" என்றார் மேலாளர். "அனுபவம்னா அனுபவந்தான்." மூத்தவளுக்கு உச்சி குளிர்ந்தது. இளையவள் வழக்கம்போல "சரிக்கா" என்றாள்.

அந்தக் குளிர்ச்சி வீட்டு வாசல்வரைகூட நிலைக்கவில்லை. நடந்ததை இளையவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். "அத்தை, இன்னைக்கு அக்காதான் ஜெயிச்சாங்க." மாமியார் அவள் தலையைத் தடவி, "அதுக்கென்னம்மா, நீ இப்பத்தானே கத்துக்கற, மனசுல வச்சுக்காதே" என்றாள். ஜெயித்தவளைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோற்பதிலும் இவளுக்கு ஒரு லாபமா என்று மூத்தவள் அடுப்படியில் பாத்திரங்களை உருட்டினாள்.

மறுநாள் காலை தொழிற்சாலையிலிருந்து தொலைபேசி வந்தது. சரக்கு அனுப்பும் பிரிவுக்காரர் பேசினார். மூன்றாம் வகை என்று வாய்மொழியாகக் கேள்விப்பட்டதில் அவருக்கு ஏக சந்தோஷம்.

"அப்ப பெரிய பெட்டியிலேயே போட்டுடலாம்மா. ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கினா ஒரே லாரி போதும். மலைப்பாதைதான், ஆனா நம்ம ஆளு நல்லா ஓட்டுவான்."

"அடியில இருக்கற பெட்டி தாங்குமா?"

"குருணைதானேம்மா, என்ன ஆகப்போகுது?"

தொலைபேசியை வைத்துவிட்டு மூத்தவள் உட்கார்ந்திருந்தாள். மலைப்பாதை. மேலே இத்தனை பெட்டிகளின் பாரம். அந்த லாரியில் இதை மடியில் வைத்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? ஓட்டுகிறவன் முகம் அவளுக்குத் தெரியாது. தெரியாததால் அது ஆமையின் முகமாகவே மனதில் வந்து நின்றது. வேறு வழி ஏதாவது இருக்கிறதா, தன் பெயர் கெடாமல் இன்னொருமுறை சோதிக்க ஒரு சாக்கு கிடைக்காதா என்று கொஞ்ச நேரம் தேடினாள். கிடைக்கவில்லை. எழுந்து மேலாளர் அறைக்குப் போனாள். கெட்ட நேரத்துக்கு இளையவளும் அங்கேதான் இருந்தாள்.

"சார், நேத்து டப்பா தரையில இல்ல. பெரும்பாலும் என் மடியிலதான் இருந்துச்சு. அந்தக் கணக்கு செல்லாது."

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மீதி இருக்கற டப்பாவை ஏத்துங்க" என்றார்.

வெளியே வந்ததும் இளையவள் மெல்லச் சொன்னாள். "எனக்குத் தெரியும்க்கா. பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"தெரிஞ்சா ஏன் வாயைத் திறக்கல?"

"சொன்னா வீட்டுல உங்க முகத்தை எப்படிப் பாக்கறது? டீ குடிக்கறப்ப சொல்லிப் பாத்தேன். நீங்க கேக்கல. ஒரு சரக்குக்காகச் சண்டை வேணாம்னு விட்டுட்டேன்."

மூத்தவளுக்கு அதுவரை தன்மேல் இருந்த கோபம் அப்படியே திசை திரும்பியது. "வீடு வேற, இது வேற. நான் வயித்தெரிச்சல்ல பண்ணினேன், சரி. நீ நல்ல பேருக்காகச் சும்மா இருந்திருக்கே. லாரி பத்திக்கிட்டா அதை ஓட்டறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதானே?"

இளையவளின் முகம் சிவந்தது. வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவள் "சரிக்கா" என்று சொல்லவில்லை. "நீங்க என்னைப் பாக்கற பார்வையில நான் எதைச் சொல்ல முடியும்?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

கடைசியாக இருந்த டப்பாவை வேனில் ஏற்றினார்கள். இந்த முறை ஓரகத்திகள் யாரும் போகவில்லை. ஆமை மட்டும் போனார். டப்பாவுக்கு மேலே ஒரு மணல் மூட்டையையும் வைத்துக் கட்டினார்கள். திரும்பி வந்து பிரித்தபோது கால்வாசிக்கு மேல் மாவாகியிருந்தது. சல்லடையைப் பார்த்த மேலாளர், "அரைச்சிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

இளையவள் அரைத்தாள், மூத்தவள் கலந்து குவித்தாள். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருவரும் நின்றார்கள். கம்பி சிவந்தது. அன்றைக்குச் சோம்பி ஏறிய அதே சரக்கு, இப்போது சீறிக்கொண்டு எழுந்து, அன்றைக்கு எடுத்த நேரத்தில் பாதிகூட ஆவதற்குள் குவியலைத் தின்றுவிட்டது. மூத்தவளின் கால் தன்னையறியாமல் ஓரடி பின்னால் போனது. பக்கத்தில் இளையவளும் பின்வாங்கி அவள்மேல் மோதினாள். திரும்பத் திரும்ப எரித்துப் பார்த்தார்கள். மாற்றமில்லை. இரண்டாம் வகை. சின்னப் பெட்டி, குறைந்த அடுக்கு, துணி மூட்டையோடும் எண்ணெயோடும் சேர்க்கக்கூடாது. தொழிற்சாலைக்காரர் தொலைபேசியில் புலம்பித் தீர்த்தார். மூத்தவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முடியாதுங்க" என்றாள்.

மேலாளர் அவளைத் திட்டவில்லை. அதற்குப் பதில் வேலையைப் பிரித்தார். வரும் சரக்கை எந்த நிலையில் சோதிக்க வேண்டும் என்று முடிவு செய்வதும் அரைப்பதும் சலிப்பதும் இனி இளையவள் பொறுப்பு. அதற்கு அவளுக்குப் பக்கத்து அறையை ஒழித்துக் கொடுத்தார்கள், ஜன்னல் உள்ள அறை. எரிப்பது மட்டும் மூத்தவளுக்கு. வீட்டில் இருவரும் சில நாள் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். மாமியார் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் இருந்துகொண்டாள். பிறகு இளையவள் ஒருநாள், "அக்கா, இன்னைக்கு வந்த உப்புச் சரக்கை நீங்க குவிச்சது சரியில்ல, ஒருபக்கம் சாஞ்சிருக்கு" என்றாள். மூத்தவள் பார்த்தாள். சாய்ந்துதான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கலைத்து மறுபடி குவித்தாள். "சரிக்கா"வைவிட இது தாங்கக்கூடியதாக இருந்தது.

பொறாமை போய்விட்டதா என்றால், அது எங்கே போகும். ஒரு மத்தியானம் எரிக்க ஒன்றும் இல்லாமல் மூத்தவள் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் இளையவளும் மேலாளரும் இன்னும் இரண்டு மூன்று பேரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். புகைபோக்கி விசிறியின் இரைச்சலில் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. அவள் துணியைக் கீழே வைத்தாள். விசிறியை நிறுத்திவிட்டுச் சுவரோரம் போய் நின்று காது கொடுத்துக் கேட்டாள்.