பால் படாத கேக்

குருவி பிழைத்துவிட்டாள். அதைச் சொன்ன டாக்டரம்மா அடுத்த மூச்சிலேயே பேக்கரிக்காரர் பக்கம் திரும்பினார்.

"கேக்ல என்னென்ன போட்டீங்க?"

"மாவு, முட்டை, சர்க்கரை, எண்ணெய். பால் ஒரு சொட்டுகூட இல்லைங்க."

குருவி அவருடைய தங்கை மகள். பால், வெண்ணெய், தயிர் எதுவும் அவள் உடம்புக்கு ஆகாது. மாமா பேக்கரி வைத்திருந்தும் ஒரு பிறந்த நாளுக்குக்கூட அவள் கேக் வெட்டியதில்லை. "எனக்கு மட்டும் ஏன் மாமா ஆப்பிள் மேல மெழுகுவத்தி?" என்று போன வருடம் கேட்டாள். அது அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

இந்த வருடம் துணிந்துவிட்டார். மாவு அடிக்கும் பாத்திரத்தைக் கொதிநீரில் திரும்பத் திரும்பக் கழுவினார். புது மூட்டை மாவைப் பிரித்தார். அச்சு, துணி, கரண்டி, கத்தி எல்லாமே புதிது. பாலுக்குப் பதில் தண்ணீர். குருவி இரண்டு வாய்தான் தின்றிருப்பாள். "தொண்டை அரிக்குதும்மா" என்றாள். உதடு தடித்தது, மூச்சு இழுத்தது. தங்கை ஒவ்வாமைக்கென்று எப்போதும் கையோடு வைத்திருக்கும் ஊசியை எடுத்துத் தொடையில் குத்தியதும், மாப்பிள்ளை பிள்ளையை வாரிக்கொண்டு ஓடியதும் அவருக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருந்தது.

"வேற எதுவும் போடலையா?" என்றார் டாக்டரம்மா.

"கேக் ஜெல் கொஞ்சம்..."

சுவரில் சாய்ந்திருந்த மாப்பிள்ளை நிமிர்ந்தார். "அது என்னது?"

"எமல்சிஃபையர் மாப்ளே. எண்ணெயும் தண்ணியும் பிரியாம சேர்த்துப் பிடிக்கும். கேக் பஞ்சு மாதிரி வரும். எல்லாக் கடையிலயும் போடறதுதான்."

"ரசாயனம்னு நேரா சொல்லுங்களேன் மச்சான். பஞ்சு மாதிரி வரணும்னு என் பிள்ளை தொண்டையில பஞ்சை அடைச்சிருக்கீங்க."

"கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் டாக்டரம்மா. "அந்த மாதிரிப் பொருள் பிரட், பிஸ்கட், ஐஸ்கிரீம்னு கடையில விக்கிற பாதி பாக்கெட்டுல இருக்கு. அது ஒத்துக்காம வந்தவங்களை நான் பார்த்ததில்லை. ஆனா கேக்ல பால் இல்லவே இல்லைன்னா, அதையும் சந்தேகப்பட்டுத்தான் ஆகணும். தெரியற வரைக்கும் எல்லாத்தையும் நிறுத்தணும்."

"பிரட்டுமா?" என்றாள் தங்கை. "அவ ஸ்கூலுக்குக் கொண்டுபோறதே அது ஒண்ணுதான் டாக்டர்."

தங்கை அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுண்ணா. பால் எங்கேயாவது பட்டிருக்குமா?"

"என் மேல சத்தியம்."

ஜெல் டப்பாவை எடுத்துவரக் கடைக்கு ஓடினார். அந்த ஜெல்தான் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே ஓடினார். நினைத்தபோதே, இப்படியும் வேண்டுவானா ஒருத்தன் என்று தனக்கே கூசியது.

ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து நுழைந்தார். இத்தனை வருடத்தில் டப்பாவின் மேல் ஒட்டியிருந்த பொடி எழுத்தை அவர் படித்ததே இல்லை. படித்தும் ஒன்றும் விளங்கவில்லை. சரக்கு போடுகிறவருக்குப் போன் செய்தார்.

"ஜெல்லுல பால் சம்பந்தம் ஏதாவது உண்டாண்ணே?"

"பாலா? நீங்க வாங்கறது தாவர எண்ணெய்க் கொழுப்பையும் கிளிசரினையும் சேர்த்துக் காய்ச்சினதுங்க. ஒரு முனை எண்ணெயைப் பிடிச்சுக்கும், மறு முனை தண்ணியைப் பிடிச்சுக்கும். சண்டை போட்ட சம்பந்திங்களை ஒரே பந்தியில உக்கார வைக்கிற மாமன் மாதிரின்னு வச்சுக்கங்க." அவர் சிரித்தார். "ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லண்ணே. சும்மாதான்."

போனை வைத்துவிட்டு மூடியைத் திறந்தார். வெளிர்மஞ்சள் ஜெல்லின் நடுவே, தினமும் கரண்டி இறங்கும் இடத்தில் குழி விழுந்திருந்தது. குழியின் அடியில் கொஞ்சம் வெள்ளைத் தண்ணீர் தேங்கி நின்றது. முகர்ந்து பார்த்தார்.

புளித்த பால்.

சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜெல் கரண்டியில் பசைபோல ஒட்டும். வெதுவெதுப்பான பாலில் கரண்டியை ஒரு முக்கு முக்கிவிட்டு ஜெல்லை எடுத்தால் வழுக்கிக்கொண்டு விழும். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கை தானாகச் செய்யும் வேலை அது. குருவியின் கேக்குக்குப் புதுக் கரண்டி எடுத்தார், அதைத் தண்ணீரில்தான் முக்கினார், ஆனால் விட்டது இதே டப்பாவுக்குள். எல்லாவற்றையும் கழுவியவருக்கு, இதைக் கழுவ வேண்டிய ஒன்றாகவே தோன்றவில்லை.

மேல் தட்டில் பிரிக்காத டப்பா ஒன்று இருந்தது. எழுந்து அதை எடுத்தார், சீலைக் கிழித்தார், புழங்கியதுபோல் தெரிய மேலாக ஒரு கரண்டி வழித்துக் குப்பையில் போட்டார். இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். பழி ஜெல் மேல் போகும், கம்பெனி மேல் போகும். தங்கை தன்னோடு பேசுவாள்.

டப்பாவை இடுக்கிக்கொண்டு ஷட்டர் வரை வந்தவரின் முழங்கை பிரட் அடுக்கில் இடித்தது. ஒரு ரொட்டி சரிந்து விழுந்தது. பால் சேர்க்காமல் குருவிக்கென்று தினமும் தனியாகச் சுடுகிற ரொட்டி. அதற்கும் இதே எமல்சிஃபையர்தான், பொடியாக. அதைத் தின்று அவளுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை. நாளையிலிருந்து இதுவும் அவளுக்குக் கிடையாது. பிஸ்கட்டும் கிடையாது. எதைப் பார்த்தாலும் "இது வேண்டாம்" என்று சொல்லிச் சொல்லியே அவளை வளர்ப்பார்கள். அதுவும் இவர் ஏற்றுக்கொள்ளாத பழிக்காக.

புது டப்பாவைக் கீழே வைத்தார். பழையதை எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அதைத் திறந்து நீட்டினார். கரண்டியைப் பாலில் முக்கும் வழக்கத்தை ஒன்றுவிடாமல் சொன்னார். டாக்டரம்மா முகர்ந்து பார்த்துத் தலையசைத்தார். "பாலாத்தான் இருக்கும். டெஸ்ட்டும் பார்த்துடலாம். பிரட்டை நிறுத்த வேண்டாம்."

தங்கை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கை உறிஞ்சினாள்.

"பிரட் வெளியில பார்த்துக்கறோம்ணா. இனிமே உன் கடையிலேர்ந்து என் பிள்ளைக்கு எதுவும் வரக் கூடாது."

மாப்பிள்ளை அவரைப் பார்க்காமல் திரும்பி அறைக்குள் போனார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

அறை வாசலுக்குள் கால் வைக்காமல் பேக்கரிக்காரர் கட்டிலை எட்டிப் பார்த்தார். வீங்கிய கண்ணைச் சுருக்கிக் குருவி அவரைப் பார்த்தாள்.

"மாமா, மீதி கேக் எங்கே?"

தங்கை திரும்பிப் பார்த்தாள்.

"மாமா தின்னுட்டேன் கண்ணு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"வயிறு வலிக்கும் பாரு" என்றாள் குருவி, தடித்த உதட்டோடு.